பிறைச் சாட்சியும் வால்வெள்ளியும்

பிறை கண்டதாகச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மத்ரஸாவில் ஓதிய நாளில் நாம் மனப்பாடமாக வைத்திருந்தோம். எத்திசையில் கண்டீர்? எந்நேரத்தில் கண்டீர்? அதன் முனைகள் எப்பக்கம் நோக்கியிருந்தன? உம்மோடு கண்டவர் யார்? இவற்றுக்கு விடை சொல்லித் தேறிய பின்னரே ஒருவருடைய 'கண்டேன்' என்னும் சொல் ஷஹாதத் ஆகும். அப்பாடத்தை ஓதிக்கொண்டிருந்த அதே 1986-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், நாம் ஒரு பொய்ச்சாட்சி சொன்னோம். அது பிறையைப் பற்றியதன்று. ஹாலி வால்வெள்ளியைப் பற்றியது.

நமது பாட்டனார் 1910-இல் ஸ்ரீமுஷ்ணத்தில் பத்து வயதுச் சிறுவராக அதைக் கண்டவர். விடியுமுன் கீழ்வானில் நீண்டு கிடந்த வாலை அவர் கையை வீசி வீசிச் சொல்வார். அவ்வாண்டு மே 6-ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்தார். வால்வெள்ளிதான் மன்னரைக் கொண்டு போயிற்று என்று ஊரெல்லாம் பேச்சு. அவருக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் மட்டும் பிள்ளைகளை அமர்த்தி ஒரு செய்தி சொன்னாராம். ஹிஜ்ரி 10-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தைக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் கூறினர். எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ அது நிகழ்வதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். தம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கும் தவற்றைக்கூட, துயரம் நெஞ்சை அடைத்திருந்த வேளையிலும், அவர்கள் நிற்க விடவில்லை.

போனது திரும்பி வரும் என்பது ஸ்ரீமுஷ்ணத்தாருக்குப் புதிய பாடமன்று. மாசி மகத்தை ஒட்டிப் பூவராகப் பெருமாள் ஆண்டுதோறும் கிள்ளைக் கடற்கரைக்குச் செல்வதையும், அங்கே தர்காவைச் சார்ந்தோர் எதிர்கொண்டு வரவேற்பதையும், மீண்டும் ஊர் திரும்புவதையும் அறிந்தவர்கள் நாம். வானத்திலும் அவ்வாறு தவணை தவறாமல் வருவது ஒன்றுண்டு என்று உரைத்தவர் எட்மண்ட் ஹாலி. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை மூன்றல்ல, ஒன்றே என்று 1705-இல் எழுதி, 1758-இல் அது மீளும் என்றும் கணித்தார். 1742-இல் அவர் காலமானார். 1758 டிசம்பர் 25 இரவு ஜெர்மனியில் பாலிட்ஷ் என்னும் உழவர் அதைக் கண்டார். சொன்னவர் மண்ணுக்குள் இருக்க, சொல் வானத்தில் நின்றது.

வானத்துப் பொருள்கள் யாவும் தத்தம் ஃபலக்கில் நீந்துகின்றன என்பது திருமறை தரும் செய்தி. அந்த ஃபலக்கை வகுப்பதற்குச் சாட்சிகள் வேண்டும். பெருநாட் பிறைக்கு நேர்மையான இருவர் போதும். புதிய வால்வெள்ளியின் பாதைக்கோ வெவ்வேறு இரவுகளில் அது நின்ற இடங்கள் மூன்றேனும் வேண்டும். ஒன்று குறைந்தால் என்னாகும் என்பதற்குச் சென்னையே உதாரணம். ஆறரை ஆண்டுக்கொருமுறை வந்து, 1846-இல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் காணாமற்போன பியலா வால்வெள்ளியின் பாதையில் 1872 நவம்பர் 27 அன்று எரிமீன்கள் மழையாகப் பொழிந்தன. ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃப்யூஸ் என்பார் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார். அரபியர் கன்தூரிஸ் என வழங்கிய விண்மீன் கூட்டத்தில் பியலாவைத் தேடுமாறு வேண்டினார். போக்சன் தேடினார். டிசம்பர் 2, 3 ஆகிய இரு வைகறைகளில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு, அது நின்ற இடங்களைக் குறித்தார். மூன்றாவது சாட்சி கிடைக்கவேயில்லை. அது பியலா அன்று எனப் பிற்காலக் கணக்கர் தெளிந்தனர். ஆயினும் போக்சனின் குறிப்பில் பொய்யில்லை. அவர் கண்டதைக் கண்ட அளவே எழுதினார். கண்டது எது என்பதை வருங்காலம் தீர்த்துக்கொண்டது.

விண்மீன்களின் ஒளியை அளக்கும் படிக்கணக்கை 1856-இல் வரையறுத்துத் தந்தவரும் இதே போக்சன்தான். ஐந்து படி ஏறினால் ஒளி நூறு மடங்காகும். ஒரு படிக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வால்வெள்ளி புகைபோல் பரந்து தெரிவது, விண்மீனோ புள்ளி. ஆகையால் பார்ப்பவர் கருவியைச் சற்றே பிசகவைத்து, விண்மீனையும் அதுபோலப் பரந்து தோன்றச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒளிப்படியை எழுதுவர்.

பாதை கணக்குக்கு அடங்கும். ஒளி எளிதில் அடங்காது. கதிரவனின் ஈர்ப்பும் வியாழன் முதலிய கோள்களின் இழுப்பும் பாதையை வகுக்கின்றன. உள்ளிருந்து பீறிடும் வாயுவின் உந்துதலால் ஹாலிக்கு ஒரு சுற்றில் ஏறத்தாழ நான்கு நாள் தாமதம் நேரும். அதையும் கணக்கர் சேர்த்துக்கொள்வர். ஒளியோ உறைபனி எங்கே வெடிக்கும், தூசி எவ்வளவு கிளம்பும் என்பதைப் பொறுத்தது. ஏழாண்டுக்கொருமுறை வரும் ஹோம்ஸ் வால்வெள்ளி 2007 அக்டோபரில் இரண்டு நாள்களுக்குள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு ஒளி கூடிற்று. அதை எவரும் முன்னறிந்து சொல்லவில்லை.

1986-இல் ஹாலி நம்மை ஏமாற்றியதும் ஒளியில்தான். பிப்ரவரி 9-இல் அது கதிரவனை நெருங்கிய வேளையில் பூமி மறுபுறம் இருந்தது. ஏப்ரல் 11-இல் பூமியை நெருங்கியபோது வால் மெலிந்து போயிருந்தது. ஜவ்வாது மலையில், காவலூர் ஆய்வகத்தில், அறிஞர்கள் அதைத் தொடர்ந்து நோக்கிக்கொண்டிருந்த அந்நாட்களில், ரஜப் கழிந்து ஷஅபான் பிறந்த இருட்டில், தஹஜ்ஜுத் வேளையில் பாட்டனாரைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த வயலுக்கு அழைத்துச் சென்றோம். அவருடைய இரு கண்களிலும் புரை. தென்வானில் சாம்பல் தொட்டு வைத்தாற்போல் ஒரு மங்கல் தெரிந்தது.

"தெரியுதா தம்பி?"

"தெரியுது நன்னா."

"வாலு?"

எழுபத்தாறு ஆண்டு காத்திருந்த முகம் அது. "நீளமா இருக்கு நன்னா" என்றோம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். மறுநாள் பள்ளிவாசலில், பேரன் கண்ட நீண்ட வாலைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். அவ்விரவுகளில் தாமும் வானத்தைப் பார்த்திருந்த ஒரு பெரியவர் நம் முகத்தை ஒருமுறை நோக்கினார், ஒன்றும் கேட்கவில்லை. பாட்டனாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாள் கடத்தினோம். ரமலான் பிறை காணும் முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

பின்னாளில் விண்மீன் படங்களைப் பார்க்கக் கற்றபோது, ஏப்ரல் நடுவில் ஹாலி நின்றதும் அதே கன்தூரிஸ் கூட்டத்தில்தான் என்று அறிந்தோம். அங்கே ஒமேகா சென்டாரி என்றொரு விண்மீன் திரளும் உண்டு. வெறுங்கண்ணுக்கு அதுவும் சாம்பல் மங்கலே. அவ்விரவில் நாம் கண்டது எது என்று இன்றும் சத்தியம் செய்ய இயலாது. மங்கலை மங்கல் என்று சொல்லியிருந்தால் அது சாட்சியமாக நின்றிருக்கும். அன்பினால் சேர்த்த வால் அதைப் பொய்யாக்கிவிட்டது. அன்புக்காகவும் தவற்றை நிற்க விடலாகாது என்பதை, மைந்தரை இழந்த நாளில் அண்ணலார் (ஸல்) காட்டியிருக்க, அச்செய்தியைப் பாட்டனாரின் வாயாலேயே கேட்டிருந்தும் நாம் தவறினோம்.

2023 டிசம்பர் 9-இல் ஹாலி தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுத் திரும்பிவிட்டது. இப்போது அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 2061 ஜூலை 28-இல் கதிரவனை நெருங்கும். நம் மாணவர்கள் காண்பார்கள், இன்ஷா அல்லாஹ். வால்வெள்ளி நோக்குவோரிடம் ஒரு நல்வழக்கு உண்டு. தேடியும் கிடைக்காத இரவில், இன்ன ஒளிப்படி வரை பார்த்தேன், தென்படவில்லை என்று எழுதி வைப்பர். அதுவும் கணக்கில் சேரும். ஷஅபான் 29 மாலைகளில் மாணவர்களோடு மேல்வானம் நோக்கி நிற்கும்போது, நாமும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். மேகம் மூடிய மாலையில் எல்லோருக்கும் முன்பாக முதற்கையெழுத்தாக நாம் எழுதுவது ஒரே சொல்: 'காணவில்லை.'