கரை மட்டும் மிஞ்சிய கோலம்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி மார்கழிதோறும் வாசலில் போட்ட சிக்குக் கோலம் ஒன்று இப்போது தரையில் ஒட்டும் ஸ்டிக்கராக விற்கிறது. ஸ்டிக்கர் கடைக்குப் போன கோல நோட்டு திரும்பி வரவில்லை. ஆச்சியும் இல்லை. கடையிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது வெட்டுவதற்காகத் தயாரித்த கோரல்டிரா கோப்பு மட்டும்தான்.

அதைத் திறந்து பார்த்தால் கோலம் இருக்கிறது, கோடு இல்லை. வெட்டும் இயந்திரத்தின் கத்தி கோட்டின் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். அதற்காகக் கோடுகளை உருவமாக மாற்றிவிடுவார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், க்யூ. ஒரு நொடி வேலை. அதன்பின் மிஞ்சுவது வெளியே ஒரு விளிம்பு, உள்ளே ஏகப்பட்ட துளைகள். ஆற்றை விட்டுவிட்டு இரு கரையை மட்டும் வரைந்த தாமிரபரணி மாதிரி. கை எந்த வழியாகப் போனது என்பது அதில் இல்லை.

திரும்பக் கோடாக்க அப்படியொரு குறுக்குவழி கிடையாது. உருவத்தைப் படமாக மாற்றி, அதிலிருந்து மையக்கோட்டை எடுக்கச் சொல்லலாம். கோரல்டிராவில் அந்த வசதி உண்டு. காசில்லாமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலும் 2020-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து உண்டு. வளைவுகளில் நன்றாகவே வருகிறது. கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் தடுமாற்றம். அங்கே கோடு துண்டு துண்டாக அறுந்துவிடும். நான்கு முனைகளில் எது எதோடு சேரும் என்று மென்பொருளுக்குத் தெரியாது.

கோலம் போட்ட கைக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அம்மா, கண்ணாடியைக்கூடப் போடாமல் சொன்னாள்: "ஏட்டி, அதுல மடங்கப்பிடாது. நேராப் போ. புள்ளியச் சுத்தித்தான் வளையணும்." அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சந்திப்பிலும் முனைகளைச் சேர்த்தேன்.

அவள் சொன்னது விதி. 1974-இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினியியல் இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். அங்கே இலக்கணமாக இருப்பது கடைக்கு வரும்போது வெறும் 'டிசைன்' ஆகிவிடுகிறது. டிசைனை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். வழியை அப்படி எடுக்க முடியாது. அதற்கு ஒரு பெண்ணைக் கேட்டாக வேண்டும். (வாசலில் போட்டது யாருக்கும் சொந்தமில்லை என்பார்கள். சரி, கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்தது யார்?)

சேர்த்து முடித்தபோது மூன்று தனிக் கோடுகள் வந்தன, மூன்றும் முனையில்லாமல் சுற்றி வருபவை. வெளிக்கோட்டை ஆச்சி இடது கீழ்ப் புள்ளியில் தொடங்குவாளாம். கோப்பில் அதன் தொடக்கத்தை அங்கே மாற்றி வைத்தேன். நடுக்கோட்டை எங்கே தொடங்குவாள் என்று அம்மாவுக்கும் நினைவில்லை.