எகிப்திலிருந்து வந்த இரதம்



"ஐயா, விலையுயர்ந்த கார் வாங்குவது பாவமா?" என்ற கேள்வியை அண்மைக்காலத்தில் பலமுறை கேட்டுவிட்டேன். ஒரு காலத்தில் ஸ்கூட்டருக்காக ஜெபிக்கச் சொன்னவர்களின் பிள்ளைகள் இன்று மெர்சிடிஸ் ஜிஎல்சி, பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60 என்று பெயர்களை ஒப்பிக்கிறார்கள். ஆண்டவர் நம் மக்களை உயர்த்தியிருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

பாவம் அல்ல என்பதே என் பதில். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் பயணம் செய்கிறார். அவரை இறங்கச் சொல்லாமல், பிலிப்புவை அந்த இரதத்தோடு சேர்ந்துகொள்ளச் சொல்கிறார் ஆவியானவர். ஏசாயாவின் சுருள் அந்த இரதத்திலேயே விளக்கப்படுகிறது.

ஆனால் வேதத்தில் வேறோர் இரதமும் உண்டு. அது சாலொமோனின் காலத்தில் எகிப்திலிருந்து தருவிக்கப்பட்டது. அதன் விலையை 1 இராஜாக்கள் 10:29 குறித்துவைத்திருக்கிறது: இரதம் ஒன்றுக்கு 600 வெள்ளிக்காசு, குதிரை ஒன்றுக்கு 150. அரசன் தனக்குக் குதிரைகளைப் பெருக்கக்கூடாது என்று உபாகமம் 17:16 முன்னமே எச்சரித்திருந்தது. இரண்டு அதிகாரங்கள் தள்ளி வாசியுங்கள். சாலொமோன் மரித்தபின் ஜனங்கள் ரெகொபெயாமிடம் வந்து, தங்கள்மேல் உள்ள பாரமான நுகத்தை இலகுவாக்கும்படி கேட்கிறார்கள். 600 வெள்ளியை எண்ணிக் கொடுத்த கை ஒன்று, அதைச் சுமந்த தோள்கள் வேறு என்றே நான் அந்தப் பகுதியை வாசிக்கிறேன்.

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகப் பட்டறை நடத்தும் சகோதரர் ஒருவர், வண்டி பார்க்கப் போகும்போது என்னையும் உடன் அழைத்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பட்டறையில் 11 பேர் வேலை செய்கிறார்கள். கணக்கைப் பார்ப்பவர் அவருடைய மனைவி.

அவினாசி சாலையில் இருந்த அந்தக் கடையில் எங்களை மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, கணக்கை விரித்தார்கள். ஷோரூம் விலை ஏறத்தாழ 70 இலட்சம். ஜிஎஸ்டி அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதற்கு மேல், 20 இலட்சத்தைத் தாண்டிய கார்களுக்குத் தமிழ்நாட்டில் வாங்கப்படும் 20 விழுக்காடு சாலை வரி மட்டும் 14 இலட்சம். காப்பீடு தனி. 60 இலட்சம் கடன் வாங்கினால், 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 1,24,500 ரூபாய். சகோதரரின் முகம் மாறியதைக் கவனித்த விற்பனையாளர், "7 ஆண்டாக நீட்டிவிடலாம் சார்" என்றார். தவணை 96,500 ஆகக் குறைந்தது. குறைந்ததுபோல் தோன்றியது என்று சொல்வதே சரி. 7 ஆண்டுகளில் கட்டும் தொகை 81 இலட்சத்தைத் தாண்டும். அதில் வட்டி மட்டும் 21 இலட்சம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னது (லூக்கா 14:28) மாதக் கணக்கை மட்டும் பார்ப்பதற்காக அல்ல.

"குடும்பத்தின் பாதுகாப்புக்காகத்தான் ஐயா" என்றார் சகோதரர். நல்ல காரணம்தான், ஆனால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்றுமுனை இருக்கைப் பட்டையை, மற்றக் கார் நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனமே வழிவிட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்தப் பட்டை இன்று மிக மலிவான காரிலும் இருக்கிறது. 10 இலட்சத்துக்குள் கிடைக்கும் மாருதி டிசையரே மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றுள்ளது. 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மரித்த விபத்தில் சிக்கியதும் ஒரு மெர்சிடிஸ் ஜிஎல்சிதான். பின் இருக்கையில் இருந்த இருவரும் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை கூறியது. வண்டியைச் சோதித்து ஓட்டியபோது நம் சகோதரரின் பிள்ளைகளும் பட்டை போடாமலேயே பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவருடைய மனைவி மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார்: "ஏழு வருஷத் தவணைன்னாலும், அது நம்ம பட்டறையில நாலு பேரோட சம்பளம்." ஆர்டர் குறைவு என்று சொல்லி அந்த ஆண்டு ஊதிய உயர்வைத் தள்ளிவைத்திருந்தார்கள். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. யாக்கோபு 5:4இல் வரும் வேலைக்காரரின் கூலியைப் பற்றி நான் ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். அந்த அம்மாள் சொன்னதற்கு மேல் அது என்ன சேர்த்திருக்கும்?

அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. முன்பணம் கட்டவில்லை, ஆசையையும் விடவில்லை. ஊதிய உயர்வை மட்டும் அடுத்த மாதமே கொடுத்துவிட்டார். இதை வெற்றிச் சாட்சியாக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அன்பானவர்களே, "கர்த்தர் தந்த ஈவு" என்று பின்கண்ணாடியில் எழுதிக்கொள்ள நமக்குப் பிரியம். கடனில் வாங்கிய வண்டியானால், பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரும் இருக்கும். கர்த்தரின் பெயர் கண்ணாடியில், வங்கியின் பெயர் பத்திரத்தில்! சிரிக்கத்தான் தோன்றுகிறது, ஆனாலும் அந்தப் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். அதில் எழுதப்படாத பெயர்களும் உண்டு: வயதான தாயின் மருந்துச்செலவு, மகளின் கல்லூரிக் கட்டணம், கேட்கத் தயங்கும் வேலைக்காரர். வாங்கும் முன் அவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

கேட்டபின் வாங்கினால், வழக்கம்போல என்னை அழையுங்கள். மகிழ்ச்சியோடு வந்து ஜெபிப்பேன். ஜெபித்தபின் பின் இருக்கையில் ஏறி, பட்டையை மாட்டிக்கொண்டு, உங்களோடு ஒரு சுற்றும் வருவேன்.