தோளுக்கு ஏற்ற பாடை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான திருப்புலி நாட்டில், நான்கு தலைமுறையாகப் பாடை கட்டும் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அவர்களுக்குக் கடையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஊரில் ஒரு வீட்டில் உயிர் போய்விட்டால் முதலில் ஆள் ஓடி வருவது இவர்கள் வாசலுக்குத்தான். மற்ற நாளெல்லாம் மிளகும் மரவள்ளியும்தான் பிழைப்பு.

எழுபதைத் தாண்டிய பெரியவரிடம் பாடை கட்டும் விதத்தைக் காட்டச் சொன்னேன். மறுத்துவிட்டார். "சாவு இல்லாம பாடை கட்டக் கூடாது தம்பி. முடிச்சு வேணும்னா காட்டறேன்" என்று அவரைக்கொடிப் பந்தலின் காலுக்கு அருகே உட்கார்ந்தார். கத்தாழை நாரை நனைத்துப் பிழிந்து, இரண்டு மூங்கில் துண்டுகளைக் குறுக்காக வைத்தார். நாரை மேலும் கீழுமாக நான்கு சுற்றுச் சுற்றி, மூங்கில்களுக்கு இடையே புகுத்தி இறுக்கி, நுனியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். என் பலத்தையெல்லாம் கூட்டி ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நார் காயக் காய இன்னும் இறுகும் என்றார்.

மலைப்பாடைக்குக் கணக்கு வேறு. ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் போக முடியும், அதனால் அகலத்தைக் குறைக்கிறார்கள். நீளம் இறந்தவரின் உயரத்தோடு முன்னும் பின்னும் தூக்குபவர்களுக்கான இடம். மூங்கில் பச்சையாக இருக்க வேண்டும். "பச்சதான் வளைஞ்சு குடுக்கும். காஞ்சது சரிவுல பட்டுன்னு விட்டுரும்." இறக்கத்தில் உயரமானவர்கள் முன்னே, குட்டையானவர்கள் பின்னே. பாதத்துக்குக் கீழே தனியாக ஒரு கட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள், உடல் நழுவாமல் இருக்க. அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்லும்போது பெரியவர் குரல் தாழ்ந்தது. "அவங்க நம்மள நம்பித்தானே படுத்திருக்காங்க" என்றார்.

அவருடைய தாத்தா காலத்தில் பாடை மேல் பரப்பச் சாமை வைக்கோல் வீட்டுக்கு வீடு கிடந்ததாம். மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களை, கீழேயுள்ள சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல ஆண்டுகள் சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டதற்கு இதுவே காரணம். தானியத்தோடு வைக்கோலும் போனது. இப்போது பழைய போர்வையை விரிக்கிறார்கள். கத்தாழை நாரின் இடத்தை நைலான் கயிறு பிடித்துவருகிறது. மருமகள் சொன்னார்: "நைலான் வழுக்குதுங்க. மாமா ரெண்டு முடிச்சு கூடப் போட்டுத்தான் விடுவாரு."

மகன் வேன் ஓட்டுகிறார். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும், உடலை வைக்கும் குளிர்பதனப் பெட்டி, சாலையும் மின்சாரமும் உள்ள வீடு வரை வரும். 155377 என்ற எண்ணில் அழைத்தால், அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை வீடு சேர்க்க, செஞ்சிலுவைச் சங்கத்தோடு இணைந்து அரசு நடத்தும் இலவச அமரர் ஊர்தி கிடைக்கிறது. இவையெல்லாம் பெரும் உதவிகள். ஆனால் தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து பெரியவரின் பாடைதான் போக வேண்டும்.

சாலையே இல்லாத காலத்தில் மலைக்கு வந்தவர்கள் மிஷனரித் தம்பதியான ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் பிராண்டும். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்ற அவர்கள் மகன் பால் பிராண்ட் சிறுவயதில் வளர்ந்தது இந்த மலையில்தான். மருத்துவத்தோடு தச்சும் கற்றுக்கொடுத்த ஜெஸ்ஸி, 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலில் இறந்து இங்கேயே அடக்கமானார். 1974இல் காலமான எவ்லினின் உடலும் அவர் அருகே சேர்ந்தது. வெளியூர்க்காரரையும் தம்மில் ஒருவராக மண்ணுக்குள் வைத்த மலை இது.

இந்த ஊரில் குழி வெட்டுவதும் தூக்குவதும் பங்காளிகளும் மாமன் மச்சான்களும்தான். யாரும் இதற்காக ஒதுங்கி நிற்பதில்லை, பாடை கட்டியவர் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சமவெளியில் இதே வேலையை நாம் ஒரு சாதியின் தலையில் கட்டினோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளிலேயே சுடுகாடுகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண், தாழி செய்யும் குயவனை ‘கலம்செய் கோவே’ என்று விளித்துக் கேட்கிறாள். இறுதிக் கலம் செய்தவருக்கு அந்த மரியாதை இருந்த மொழி நம்முடையது. அதை நாம் கைவிட்டோம்.

பெரியவரின் பேரன் கல்லூரியில் படிக்கிறான். முடிச்சுப் போடவும் தெரியும். "இவன்தான் கட்டணும்னு இல்ல. யாருக்குத் தெரிஞ்சாலும் சரி" என்கிறார் தாத்தா. கைத்தொழில் தலைமுறைகளைக் கடப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொழில் தொடர மூங்கிலும் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலாக ஏற்று, அதன் மீது மலை மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை ஊர்தோறும் நடைமுறைக்கு வர வேண்டும். கீழே மயானங்களில் உழைப்பவர்களுக்கு நிரந்தர ஊதியமும், வேறு வேலைக்குப் போகிற சுதந்திரமும் வேண்டும். இந்த வேலையை விரும்பியவர் கற்கட்டும், விரும்பாதவர் விலகட்டும். பிறப்பு அதைத் தீர்மானிக்கக் கூடாது.