கிளிப்பிள்ளை சொல்வது என்ன?

பொருள் விளங்காமல் பாடத்தை உருப்போட்டு ஒப்பிக்கும் மாணவனைக் 'கிளிப்பிள்ளை' என்று கடிந்துகொள்வது ஆசிரியர்களிடையே நெடுநாளைய வழக்கம். அரபி மொழியிலும் அத்தகையவனைக் கிளியின் பெயரால் 'பப்பகா' என்றே குறிப்பிடுகிறார்கள். இரு மொழிகளும் சொல்லி வைத்தாற்போல் ஒரே தீர்ப்பை வழங்கியிருக்கின்றன: கிளிக்கு நாவுண்டு, கருத்தில்லை. இத்தீர்ப்பு எந்த அளவுக்குச் சரியானது? ஒரு பறவையின் கூண்டருகே பல மாலைகள் அமர்ந்து இவ்வினாவை எண்ணிப் பார்க்கும் நிலை எனக்கு ஏற்பட்டது. அங்கே அறிந்தவற்றையும், அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

அப்பறவை ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் உள்ள மழைக்காடுகளே அதன் தாயகம். நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். எடை அரைக் கிலோவை ஒட்டியது. உடலெங்கும் சாம்பல் நிறம். வால் மட்டும் செக்கச் சிவப்பு. வளைகுடா நாடுகளில் இதனைக் 'காஸ்கோ' என்பார்கள். என் லாத்தாவின் கணவர் ஷார்ஜாவில் நெடுங்காலம் பணிபுரிந்தவர்கள். அங்கே ஓர் அரபியின் இல்லத்தில் இப்பறவையைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தவர்கள். ஊர் திரும்பிய பின், 2012 இல், சென்னையில் கூண்டிலேயே பொரித்து வளர்க்கப்பட்ட குஞ்சொன்றை வாங்கி வந்தார்கள். வாலின் நிறத்தைக் கண்டு அதற்கு 'யாகூத்' என்று பெயரிட்டார்கள். மாணிக்கம் என்று பொருள். குஞ்சுப் பருவத்தில் கருமையாக இருந்த அதன் விழிகள் நாளடைவில் வெளிர்மஞ்சளாக மாறின. மச்சானின் தோளே அதன் கிளையாயிற்று.

2022 இல் மச்சான் மௌத்தாகிவிட்டார்கள். லாத்தா இத்தாவில் இருந்த நாட்கள். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து ஊர் அமைதியாக இருந்த வேளையில், வாசற்கதவின் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டது. அடுத்து, தொண்டையைச் செருமும் ஓசை. பின்னர் மச்சானின் குரல், ஸலாம் கூறி, "தேத்தண்ணி ஆச்சா?" என்று கேட்டது. லாத்தா அடுப்படிக்கு எழுந்து சென்று, கெண்டியைக் கையில் எடுத்த பின்னரே உண்மை உணர்ந்து அங்கேயே அமர்ந்துவிட்டார்கள். அவ்வளவும் யாகூத்தின் வாயிலிருந்து வந்தவை.

அன்று முதல் நாள்தோறும் அதே நேரத்தில் அதே அழைப்பு. சில வாரங்களில் கிளி தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியது. அண்டை வீட்டார் ஆளுக்கொரு யோசனை கூறினர். ஜின்னின் வேலை என்றனர் சிலர். விற்றுவிடுங்கள் என்றனர் சிலர். நல்ல விலை தருவதாக ஒரு வியாபாரியும் வந்து போனார். லாத்தா என்னை அழைத்துக் கேட்டார்கள்: "தம்பி, நீ ஓதினவன். அவுக குரல்லயே கூப்பிடுது, நெஞ்சு பதறுது. இதை வச்சிருக்கவா, குடுத்துரவா?"

பறவை வளர்ப்பதன் மார்க்க நிலை நம்மவர் பலரும் அறிந்ததே. அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூஉமைர் என்ற சிறுவர் சிட்டு ஒன்றை வளர்த்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதனைப் பற்றி அன்புடன் வினவியதும் ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளன. ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரு செய்தியிலிருந்தே அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூல் வரைந்தார்கள். பறவையை வளர்க்கலாம், உணவும் பராமரிப்பும் குறைவற அளித்தாக வேண்டும் என்பதே அறிஞர்கள் கண்ட முடிவு. எனவே லாத்தாவின் கேள்வியில் எஞ்சி நின்றது ஒன்றுதான்: இக்கிளிக்கு இப்போது வேண்டிய பராமரிப்பு எது? அதற்கு, அது என்ன சொல்கிறது என்று முதலில் விளங்க வேண்டும்.

காட்டில் சாம்பல் கிளி தனித்து வாழ்வதில்லை. பகலில் சிறு குழுக்களாகப் பிரிந்து எண்ணெய்ப்பனையின் பழம் முதலியவற்றைத் தேடிச் செல்லும். அந்திப் பொழுதில் நூற்றுக்கணக்கில் ஒன்று சேர்ந்து மரங்களில் அடையும். அடர்ந்த காட்டில் ஒன்றையொன்று காண இயலாதாகையால், இடைவிடாமல் குரல் கொடுத்துக்கொள்ளும். ஒன்று அழைக்க, மற்றொன்று மறுமொழி தரும். 'நான் இங்கிருக்கிறேன், நீ எங்கிருக்கிறாய்?' என்பதே அவ்வழைப்பின் பொருள். மனிதரோடு வளரும் கிளிக்கு அவ்வீட்டாரே கூட்டம். ஆகவே அவ்வீட்டாரின் ஒலிகளையே அது தன் அழைப்பாக்கிக் கொள்கிறது.

இக்கண்ணோட்டத்தோடு யாகூத்தைக் கவனித்தபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. மச்சான் பள்ளியிலிருந்து திரும்பியதும் தேநீர் வரும். மூவரும் கூடத்தில் கூடுவார்கள். கிளிக்கு மாதுளை முத்துகள் கிடைக்கும். அவ்வொலிகளுக்குப் பின் கூட்டம் கூடும் என்பதே பத்தாண்டுகளாக அது கண்டறிந்த உண்மை. இப்போது கூட்டத்தில் ஒருவரைக் காணவில்லை. எந்த ஒலி எல்லாரையும் ஒன்று சேர்த்ததோ, அந்த ஒலியை எழுப்பி அது அழைக்கிறது. ஒப்பித்தல் அன்று அது, தேடுதல். இதனை எடுத்துக் கூறியதும் லாத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப அதுவும் என்னைய மாதிரித்தான்" என்றார்கள்.

கிளியின் அறிவைப் பற்றி நாம் வியக்கத்தக்க அளவுக்கு அறிந்துகொள்ளக் காரணமாய் அமைந்தது 'அலெக்ஸ்' என்னும் சாம்பல் கிளி. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அம்மையார் 1977 இல் சிகாகோவின் கடையொன்றில் ஏறக்குறைய ஒரு வயதில் அதனை வாங்கினார். 2007 செப்டம்பரில் அது இறக்கும் வரை முப்பதாண்டுகள் அதற்குக் கற்பித்தார். நூறு சொற்களளவில் அது கற்றது. ஏழு நிறங்களையும் ஐந்து வடிவங்களையும் பெயர் சொல்லிற்று. ஆறு வரை எண்ணிற்று. இரு பொருள்களைக் காட்டினால் எதில் ஒத்திருக்கின்றன, எதில் வேறுபடுகின்றன என்றும் கூறிற்று. அவ்வம்மையார் இதனை மனித மொழிக்கு நிகரென்று உரிமை கொண்டாடவில்லை. ஆயினும், கருத்தில்லா நாவு என்ற பழந்தீர்ப்பு இதன் முன் நிற்காது.

அவர் கையாண்ட முறை ஆசிரியர்கள் அறியத்தக்கது. கிளியின் எதிரில் இருவர் அமர்வர். ஒருவர் பொருளைக் காட்டி 'இது என்ன?' என்பார், மற்றவர் சரியாகச் சொன்னால் அப்பொருளே அவருக்குப் பரிசு. பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்குத் தானும் அதில் பங்குபெறும் ஆவல் பிறக்கும். சொல்லுக்குரிய பொருளே பரிசாவதால் சொல்லும் பொருளும் மனத்தில் இணைகின்றன. லாத்தாவின் பேரனும் நானும் இவ்வாறே மாதுளையை வைத்து உரையாடினோம். இரண்டு மாதங்களில் யாகூத், பழத்தைக் கண்டால் மட்டும் 'மாதுள' என்று கூறத் தொடங்கியது.

நாவால் பேசுவதைவிட உடலால் கிளி பேசுவது மிகுதி. தலையைத் தாழ்த்திப் பிடரி இறகுகளை மெல்ல விரித்தால், வருடிக்கொடு என்று பொருள். உடலை இறுக்கி, இறகுகளை ஒட்ட வைத்து விறைத்து நின்றால் அச்சம். கண்ணின் பாவை விரைந்து சுருங்கி விரிந்தால் உள்ளக் கிளர்ச்சி. அப்போது விரலை நீட்டலாகாது. அலகை அரைக்கும் மெல்லோசை உறக்கத்திற்கு முந்திய மனநிறைவின் அடையாளம். மிரண்டால் நாயைப் போல் உறுமவும் செய்யும். புதுப் பொருளைக் கண்டு அஞ்சுவது இவ்வினத்தின் இயல்பாதலால், புதிய விளையாட்டுப் பொருளைச் சில நாள் தொலைவில் வைத்துப் பழக்கிய பின்னரே கூண்டில் இடவேண்டும்.

உணவிலும் இருப்பிடத்திலும் கவனிக்க வேண்டியவை பல. சூரியகாந்தி விதையை மட்டும் தின்று வளரும் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்தும் 'ஏ' வைட்டமினும் குறையும். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வலிப்பு வருவது சாம்பல் கிளிகளிடையே குறிப்பாகக் காணப்படும் நோய். முருங்கைக்கீரை, கேரட், பூசணி, அவித்த பயறு, பழங்கள் ஆகியவை நாள்தோறும் வேண்டும். இளங்காலை வெயிலும் வேண்டும். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காப்பி, தேநீர், வெங்காயம், உப்புப் பண்டம் ஆகியன ஆகா. இரவில் பத்து மணி நேரத்திற்குக் குறையாத இருண்ட அமைதி தேவை. இறகிலிருந்து வெண்தூள் உதிர்வதால் அடிக்கடி நீர் தெளித்துக் குளிப்பாட்டுவது கிளிக்கும் வீட்டாருக்கும் நலம். கடித்துக் குதற மரக்கட்டையும் தென்னை மட்டையும் கொடுத்தல் வேண்டும். அலகுக்கு வேலையில்லையேல் அது தன் இறகை நாடும்.

நம் இல்லங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. பறவையின் மூச்சு மண்டலம் காற்றை முழுமையாக உறிஞ்சும் அமைப்புடையது. நஞ்சையும் அவ்வாறே உறிஞ்சும். வெள்ளியிரவுகளில் நாம் போடும் சாம்பிராணியும் ஊதுபத்தியும் கூண்டிருக்கும் அறைக்கு வரலாகாது. 'நான்ஸ்டிக்' வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் கிளம்பும் ஆவி, மனிதர் உணருமுன்னே பறவையைக் கொன்றுவிடும்.

இறகு பிடுங்குதலுக்கு முதலில் கால்நடை மருத்துவரையே நாட வேண்டும். தோல் நோயும் உள்நோயும் அதற்குக் காரணமாகலாம். யாகூத்தைச் சோதித்த மருத்துவர் நோயில்லை என்றார். அதன்பின் லாத்தா ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். அஸருக்குப் பின் அழைப்பு வந்ததும், "இந்தா வந்துட்டேன்" என்று மறுமொழி கூறி, கூண்டைத் திறந்து, மாதுளையோடு அருகில் அமர்வார்கள். அழைத்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை கிளிக்குத் திரும்பியது. ஓராண்டில் மார்பின் பெரும்பகுதியில் இறகு முளைத்துவிட்டது. "தேத்தண்ணி ஆச்சா?" என்ற குரல் இன்றும் ஒலிக்கிறது, லாத்தா இப்போது கெண்டியைத் தேடுவதில்லை, மாதுளையை எடுக்கிறார்கள்.

கிளி எதைக் கற்கும் என்பது வீட்டாரைப் பொறுத்தது. இங்கிலாந்தில் லிங்கன்ஷையரின் விலங்குப் பூங்கா ஒன்று 2020 இல் பலரிடமிருந்து ஐந்து சாம்பல் கிளிகளைப் பெற்று ஓரறையில் வைத்தது. அவை ஒன்றையொன்று வைதுகொண்டன, கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரிப்பைக் கண்டு அவை மேலும் வைதன. பொதுமக்கள் பார்வையிலிருந்து அவற்றைச் சிறிது காலம் அகற்ற நேர்ந்தது. பிள்ளைகளுள்ள வீட்டார்க்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

கூட்டத்தை அழைக்கும் அந்தக் குரலையே மனிதன் கண்ணியாக்கியதும் உண்டு. காட்டில் பிடித்த ஒரு கிளியைக் கட்டி வைத்துக் கத்தவிடுவார்கள். குரல் கேட்டு இறங்கும் கூட்டம் பசை தடவிய கிளையில் சிக்கும். கானாவில் 1992 க்குப் பின் இக்கிளிகள் 90 முதல் 99 விழுக்காடு வரை குறைந்துவிட்டன என்று 2016 இல் வெளியான ஆய்வு கூறியது. அவ்வாண்டே ஜோஹானஸ்பர்க்கில் கூடிய 'சைட்டீஸ்' மாநாடு இவ்வினத்தை முதற் பட்டியலில் சேர்த்துக் காட்டுக்கிளிகளின் பன்னாட்டு வாணிபத்தைத் தடுத்தது. நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் 2024 ஆம் ஆண்டு விதிகளாலும், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. லாத்தா பதிவு செய்துவிட்டார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியையோ கூண்டில் வைப்பதே சட்டப்படி குற்றம்.

இறுதியாக, வாங்க விரும்புவோர் எண்ண வேண்டிய ஒன்றுண்டு. நன்கு பேணப்படும் சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். ஐம்பது வயதில் ஒருவர் குஞ்சை வாங்கினால், அது பெரும்பாலும் அவருக்குப் பின்னும் உயிர்வாழும். அவர் குரலில் அழைத்துக்கொண்டிருக்கும். நிலத்திற்கும் நகைக்கும் பொறுப்பாளரைக் குறித்து வைக்கும் நாம், வாய்விட்டு அழைக்கும் இந்த அமானிதத்திற்கும் ஒருவரைக் குறித்து வைக்க வேண்டாமா? யாகூத்தைத் தனக்குப் பின் பேணும் பொறுப்பை லாத்தா பேரனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவன் இப்போதே நாள்தோறும் அதனோடு அமர்ந்து பழகுகிறான். அழைத்தால் மறுமொழி சொல்ல ஆளிருக்கும் வீட்டிலே மட்டும் இப்பறவை இருக்கட்டும். அத்தகைய ஆள் இல்லையெனில், வாங்காதிருப்பதே அதற்கு நாம் செய்யும் பேருபகாரம்.