செருப்பு ரொட்டி

தின்கிற ரொட்டிக்குச் செருப்பு என்று யாராவது பெயர் வைப்பார்களா? இத்தாலியர்கள் வைத்திருக்கிறார்கள். 'சபாத்தா' என்றால் அவர்கள் பாஷையில் செருப்பு. போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன 'சப்பாத்து'க்கு அது உறவுமுறைதான். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் தின்ற பண்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்களின் நீள ரொட்டி தம் நாட்டில் விலைபோவதைப் பொறுக்காமல், அட்ரியா என்ற ஊரில் அர்னால்டோ கவல்லாரி என்பவர் 1982-ல் செய்தது.

எனக்கு அதில் சிரத்தை பிறந்த காரணம் வேறு. எங்கள் பெண் ஒரகடத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் இன்ஜினீயர். வேலை நிமித்தம் ஆறு மாதம் டூரின் நகரத்தில் இருந்துவிட்டு வந்தாள். வந்தது முதல் இட்லியைக் கண்டால் பெருமூச்சு. அங்கேயே நிரந்தரமாக வரச்சொல்லி அழைப்பும் வந்திருந்தது. "போகிறாயா?" என்று கேட்க எனக்கும் தைரியமில்லை, என் சகதர்மிணிக்கும் தைரியமில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருளத் தொடங்கிய பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியச் சாப்பாடுகூடக் கிடைக்கிறது; இத்தாலிச் செருப்பு மட்டும் என் கண்ணில் படவில்லை. சரி, நாமே சுடுவோம் என்று கிளம்பினேன். லஞ்சம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

500 கிராம் மைதாவுக்கு 400 கிராம் தண்ணீர். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை பதறும். ஈரக் கையால் மடித்து மடித்து விட வேண்டுமே தவிர, திரட்டக் கூடாது. முதல் நாள் இரவே அதில் கொஞ்சம் மாவைத் துளி ஈஸ்ட்டுடன் புளிக்க வைக்க வேண்டும். சித்திரை மாதம், விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நின்றது. முதல் ரொட்டி பெயருக்கு ஏற்ப வந்தது. அதைப்பற்றிப் பேச வேண்டாம். மூன்றாவதுதான் உள்ளே கண் கண்ணாக, ஆப்பத்தின் நடு மாதிரி அமைந்தது.

அடுத்து, ஜினோவா நகரத்துத் துவையல். 'பேசில்' என்ற இலைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறவிருந்தேன். படத்தைப் பார்த்த என் மனைவி, "இது நம்ம திருநீற்றுப் பச்சை இல்லையோ?" என்றாள். அதேதான்! சர்பத்தில் ஊறவைக்கிற சப்ஜா அதன் விதை. ராமாநுஜர் அவதரித்த ஊரில், கோயில் வாசலில் நின்றுகொண்டு திருநீறு என்று வாயெடுக்க எனக்குக் கூச்சமாயிருந்தது. பூக்காரி கூசவில்லை, ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். பைன் பருப்புக்குப் பதில் முந்திரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், துருவிய பாலாடைக்கட்டி. அம்மியில் அரைத்தது என் மனைவி.

இராத்திரி ஷிப்ட் முடிந்து பெண் வந்தாள். ரொட்டியைக் குறுக்கே பிளந்து, துவையலைத் தடவி, உப்புப் போட்டு நீர் வடித்த தக்காளியும், மொஸரெல்லா என்ற பாலாடைக்கட்டியும் அடுக்கி, தோசைக் கல்லில் வைத்தேன். மேலே பாரத்துக்கு, துணி சுற்றிய அம்மிக் குழவி.

கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்கே இலைக்கு இந்தக் காரவாசனை கிடையாது, அப்பா. இதுதான் நன்றாயிருக்கிறது" என்றாள்.

நான் ஜயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

கல்லின் மேலிருந்த குழவியை எடுத்துக் கீழே வைத்தபடி என் மனைவி கேட்டாள்: "எப்போ கிளம்பணும்?"

"ஆவணியிலே, அம்மா."

"சரி, இன்னும் பாதி இருக்கு. சூடு ஆறுறதுக்குள்ளே சாப்பிடு."