தாலித் தங்கமும் மாதம் ஆயிரமும்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இலவசம் கொடுத்தே நாடு கெட்டது என்று ஒரு செய்தி சுற்றியது. அங்கே சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். வகுப்பறையில் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989-இல் 5,000 ரூபாயோடு தொடங்கியது. 2011-இல் அது 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் ஆனது. பட்டம் படித்திருந்தால் 50,000. 2016-இல் தங்கம் 8 கிராம். பணத்தைவிட அதிலிருந்த நிபந்தனைதான் எங்களுக்கு உதவியது. பெண் 10-ஆம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். பள்ளிக்கு வந்து படித்தவள் என்றால் பரீட்சையில் தோற்றிருந்தாலும் பரவாயில்லை.

எட்டாவது முடிந்ததும் "பெரிய மனுஷி ஆயிட்டா, போதும் டீச்சர்" என்று டி.சி. கேட்டு வரும் அப்பாக்களிடம் படிப்பின் பெருமையெல்லாம் எடுபடாது. "பத்தாவது வரைக்கும் விடுங்க, கல்யாணத்துக்குத் தங்கம் கிடைக்கும்" என்றால் யோசிப்பார்கள். நானும் கூசாமல் அதையே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கல்யாணப் பேச்சு எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் அந்தப் பெண் இன்னும் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

குடும்பத்துக்கு ஒரு பெண்ணுக்குத்தான் அந்த உதவி. அக்காவுக்கு வாங்கிவிட்டால் தங்கைக்காக நான் என்ன சொல்லி வாதாடுவது? ஆண்டு வருமானம் 72,000-க்குள் என்று சான்றிதழ் வாங்க அலைச்சல் வேறு. குழந்தை பிறந்த பிறகு தாலித் தங்கம் கைக்கு வந்த வீடுகளும் எனக்குத் தெரியும்.

2022-இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். தங்கம் நின்றதில் வருத்தப்பட்ட அம்மாக்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டுவது அவர்கள்தானே. ஆனாலும் நோட்டுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் அப்பாவிடம் கை நீட்டாத பெண் வீட்டில் பேசுகிற குரலே வேறு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கொரோனாவில் வேலை போன அப்பாக்கள் பலர், கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளைகளைத் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். அப்படி எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ வந்த பெண்ணுக்கு இந்த ஆயிரம் கிடையாது. அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வைக்கத்தான் இந்த விதி என்பது புரிகிறது. அதற்காக, ஆறாவதில் கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் அவளை வசதிக்காரியாக ஆக்கிவிடுமா?

கல்லூரிகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, முதலாண்டுப் பெண்களிடம் விசாரியுங்கள். இதற்கான விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது. விதியால் விடுபட்டவளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை ஏதாவது பொருந்துமா என்றும் பாருங்கள். தெரிந்ததைக் கமெண்ட்டில் எழுதுங்கள், கேட்பவர்களுக்கு நான் சொல்கிறேன்.