அடிமண் எடுத்து வரட்டும்

தம்பி, ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கக் குளத்தில் 12 நாள் கோடை நீச்சல் பயிற்சி முடிந்ததும், "பாப்பா பழகிட்டா அய்யா, இனி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நேற்று மாடிப்படியில் சொன்னாய். 30 வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

என் மகன் குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தோடு நிறுத்திவிட்டேன். அடுத்த பொங்கலுக்குச் சோழவந்தான் பக்கம் மச்சினன் தோட்டத்துக் கிணற்றில் குதித்தான். மேலே வந்தவனுக்குப் பிடிக்க விளிம்பு இல்லை, ஊன்றத் தரை இல்லை. நாலு கை போட்டான். பிறகு நின்றவாக்கில் அமிழத் தொடங்கினான். கூப்பாடு இல்லை, கையசைப்பு இல்லை. மச்சினன் பாய்ந்து முடியைப் பிடித்துத் தூக்கினான். தண்ணீரில் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நீந்தத் தெரிந்தவன்தான். களைத்தால் மல்லாந்து மிதக்கவும், தண்ணீரை மிதித்துக்கொண்டு நிற்கவும் தெரியாது. 12 நாளில் முதல் நாலைந்து நாள் பயம் தெளியவே போய்விடுகிறது. மிச்ச நாளில் எவ்வளவுதான் படியும்?

எங்கள் ஊரில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கினார்கள். குடுக்கையைக் கழற்றிய பிறகும் விடமாட்டார்கள். முங்கிப் போய்க் கிணற்று அடிமண்ணை அள்ளி வந்து காட்டினால்தான் தனியாகக் குளிக்க அனுமதி. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருக்கும் கணக்கும் ஏறக்குறைய அதுதான்: தலை மூழ்கும் ஆழத்தில் குதித்து மேலே வரவேண்டும், ஒரு நிமிடம் மிதக்க வேண்டும், சுற்றித் திரும்பி வழி பார்க்க வேண்டும், 25 கஜம் நீந்தி, ஏணியில்லாமல் கரையேற வேண்டும். நெதர்லாந்தில் பிள்ளைகளைச் சட்டை, செருப்போடு நீந்தவைத்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். தவறி விழுகிற பிள்ளை நீச்சலுடையிலா விழப்போகிறது?

நம் கே.கே. நகரை ஒட்டியே வண்டியூர் கண்மாய். கண்மாய்களில் மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த எட்டில் ஆள் மூழ்கும்.

என் மகனைத் திரும்பச் சேர்த்தேன். வரமாட்டேன் என்று அழுதான்; தினமும் நானும் கூடப் போய்த் திண்டில் உட்கார்ந்தேன். கிணற்றுப் பயம் போகவே ஒரு கோடை ஆனது. அடுத்த கோடையில்தான் நிமிஷக்கணக்கில் மல்லாந்து கிடந்தான்.

பள்ளிக்கூடம் திறந்தபின் உனக்கு நேரமிருக்காது, தெரியும். சனி, ஞாயிறு பாப்பாவை என்னோடு அனுப்பு. துண்டும் மாற்றுத்துணியும் மட்டும் எடுத்து வை.